கெட்ஸல் மறித்த வாசிப்பு

எருசலேமில் யூதர்கள் வாழும் மேயா ஷெயாரிம் தெருவில் தகரவேலை செய்துவந்த கெட்ஸல், எந்தப் பாடசாலையிலும் முறையாகப் படித்தவரல்ல. வேதத்தின் நூற்றைம்பது துதிப்பாடல்களையும் தாவீது அரசர் தனியே இயற்றவில்லை, ஆதாம் முதலான பத்து மூத்தோரின் பாடல்களையும் சேர்த்தே தொகுத்தார் என்பது முன்னோர் வாக்கு. எந்தப் பாடல் எவருடையது என்று ஞானிகளின் கூற்றுகளைத் தேடித் திரட்டக் கெட்ஸலுக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. ஓய்வுநாள் பாடல் ஆதாமுடையது, தொண்ணூறாவது மோசேயுடையது. ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னார், எந்த ஏட்டில் என்று குறித்துவைத்தார்.

ஒப்புதல் வேண்டி அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தொழுகைக்கூடத் தலைவர் லிப்பாவிடம் ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டதாக அவர் எழுதித் தந்த சீட்டையும் பத்திரப்படுத்தினார். எட்டு மாதம் கழித்து அந்தப் பிரதி நூலாக வெளிவந்தது. அட்டையில் இருந்தது லிப்பாவின் மருமகன் ஸுண்டலின் பெயர். சீட்டைக் காட்டி லிப்பாவிடம் மூன்று முறை முறையிட்டும் பயனில்லை.

அநீதி இழைக்கப்பட்டவன் வேதவாசிப்பை மறித்து நியாயம் கேட்கலாம் என்பது அங்கே பழைய வழக்கம். அடுத்த ஓய்வுநாள் காலை, வேதச் சுருளை எடுக்கப் போகையில் கெட்ஸல் அது இருந்த பேழைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பத்துப் பேர் பாடினதுக்கு தாவீது பேருதானே நிக்குது, தகரக்காரரே?" என்றார் லிப்பா. "அதுல எவராச்சும் இப்படி வழிய மறிச்சாங்களா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கெட்ஸலின் முகம் கனன்றது.

"அந்தப் பத்துல ஒருத்தரு ஆசாப். அவரு பாட்டுக்கு மேல அவரு பேரையே விட்டுவச்சாரு தாவீது. கோராகு மோசேயையே எதிர்த்த கலகக்காரன். பாட்டு எழுதின அவன் மக்கள் பேரைக்கூட அழிக்கல. உங்க மாப்பிள்ளை என் பேரை எங்கய்யா விட்டுவச்சாரு?"

சிரிப்பு அடங்கியது.

"இன்னிக்கு ஓய்வுநாள், பேனா தொடக்கூடாது. அப்புறம் திருத்திக்கலாம்" என்றார் லிப்பா.

"வாயத் திறக்கலாமில்ல? யாரு எழுதினதுன்னு உங்க மாப்பிள்ளையச் சொல்லச் சொல்லுங்க."

ஸுண்டல் எழுந்தான். "ஒரு தகரக்காரர் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினாரு…"

கெட்ஸல் அசையவில்லை. வெயில் ஏறியது. ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாதென்று வீடுகளில் முந்தின நாளே அடுப்பேற்றிய அவரைக் குழம்பு வற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லித் தொலையேன்டா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "திருடினப்போ கை கூசல, இப்ப நாக்கு கூசுதாக்கும்!"

"யெராஹ்மியேல் மகன் கெட்ஸல் எழுதினது" என்றான் ஸுண்டல், தரையைப் பார்த்து. "முழுசும்."

கெட்ஸல் வழிவிட்டார். மறுநாள் காலை, அட்டையில் ஒட்ட, அதே வாசகத்தைத் தம் கையால் எழுதிய சீட்டுகளும் பசைச்சட்டியுமாக, அந்த நூல் இருந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.