மூவாயிரத்து அறுநூறு தலைகள்

விமானம் ஏதாவது தரையிறங்கினால் கெண்ட்ராவின் கத்திரி அந்தரத்தில் நின்றுவிடும். வலது காதுப் பக்கம் வெட்டியாயிற்று, இடது காது காத்திருக்கிறது. நாற்காலியில் இருப்பவனும் அவளோடு சேர்ந்து ஜன்னல் வழியே பார்க்க வேண்டியதுதான். எதிரே சாலை, அதற்கப்பால் கோதுமை, கோதுமைக்கு நடுவே எங்கள் ஊரின் ஒற்றை ஓடுபாதை. "குதிக்குது பாருங்க, முயல் கணக்கா. நானா இருந்தா..." என்று ஆரம்பிப்பாள். பிறகு அவளே, "நானா இருந்தா இன்னும் ரெண்டு குதி கூடக் குதிச்சிருக்கும்" என்று முடித்துவிட்டு இடது காதுக்கு வருவாள்.

கெண்ட்ரா ஃப்ரீசனுக்கு வயது முப்பத்தொன்பது. கன்சாஸில் எங்கள் சிற்றூருக்கு இருக்கிற ஒரே முடிவெட்டும் கடை அவளுடையது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என் தலையை அவளிடம் ஒப்படைக்கிறேன். "உங்க தலைக்கு முழுக்காசு வாங்குனா பாவம், மெர்ல். வெட்டுறதைவிடத் தேடுறதுக்குத்தான் நேரமாகுது" என்பாள். பாவத்தைப் பார்க்காமல் இருபது டாலரையும் வாங்கிக்கொள்வாள்.

நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்க்கை ஆலோசகன். விமானி ஆவதற்கான இரண்டு வருடப் படிப்புக்கு ஆள் பிடிப்பது என் உத்தியோகம். என் அறைச் சுவரெல்லாம் மேகப் படங்கள். நானோ விமானம் ஏறப் பயந்து, அக்காள் வீட்டுக்குப் பதினான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவன். உபதேசம் ஊருக்குத்தான். யார் வந்து கேட்டாலும் "சேருங்கள்" என்றே இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். யோசித்துப் பார்த்தால் நானும் தலை எண்ணித்தான் பிழைக்கிறேன்.

கெண்ட்ரா கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "இந்தப் படிப்பு போட்ட காசை எடுக்குமா?" டாலரில் சொன்னால் அவளுக்கு ஏறாது, தலையில் சொல்ல வேண்டும். ஆசிரியரோடு ஒரு மணி நேரம் பறக்கப் பத்துத் தலை. படிப்பு மொத்தத்துக்கும், பறக்கும் செலவு சேர்த்து, மூவாயிரத்து அறுநூறு தலை. "நம்ம ஊர்ல மொத்தமே ரெண்டாயிரத்து நூறு தலைதான்" என்று அவள் ஒருநாள் பெருமூச்சு விட்டாள். "அதுல உங்களதை அரைன்னுதான் வைக்கணும்."

அவளுக்கு இரண்டு கிறுக்குகள் உண்டு. ஒன்று, கத்திரி. தோலுறையில் போட்டு இடுப்பிலேயே வைத்திருப்பாள். ஒருமுறை அவள் பார்க்காத நேரம் அதை எடுத்துச் செய்தித்தாளில் ஒரு தள்ளுபடிச் சீட்டை வெட்டப் போனேன். "காகிதமா! காகிதம் வெட்டுன கத்திரி அப்புறம் முடியைக் கடிக்கும், வெட்டாது. கையை எடுங்க, மெர்ல்!" என்று போட்ட சத்தத்தில், முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இன்னொன்று, சட்டை. முதல்முறை தனியாக விமானம் ஓட்டி இறங்குகிறவரின் சட்டை முதுகை ஆசிரியர் வெட்டியெடுத்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டுவது இங்கே வழக்கம். அதனால் எதிரே ஓடுபாதையில் பறக்கும் பாடத்துக்குப் போகும்போதெல்லாம் வெளுத்துப்போன ஒரு பச்சைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். காசு சேரும்போது மாதம் ஒரு பாடம். அதற்குள் போன மாதம் கற்றது மறந்துபோகும். மூன்று வருடமாகச் சட்டை முழுசாகவே வீடு திரும்பியது. "துவைச்சுத் துவைச்சே கிழியப்போகுது, மெர்ல். வெட்ட வேண்டிய அவசியமே வராது."

இந்த வசந்தத்தில் ஒருவர் கடையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டார். கல்லூரியில் சேரவும் அந்த வெள்ளிதான் கடைசி. கெண்ட்ரா கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அந்த வாரம் தினமும் பறக்கப் போனாள். "வெள்ளிக்குள்ள தனியா ஓட்டலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன். நீங்களும் ஒரு தடவையாவது உண்மையான கணக்கைப் போட்டுக் கொண்டாங்க" என்றாள்.

உத்தியோகத்துக்குத் துரோகம் செய்து, போட்டேன். கல்லூரித் துண்டறிக்கையில் இருந்த காலி இடத்தில் எழுதினேன். அதன் அடியில் புள்ளிக்கோடு போட்ட சேர்க்கைச் சீட்டு இருந்தது. வியாழன் மாலை அதோடு ஓடுபாதைக்குப் போனபோது ஆசிரியை ஹேலி வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேலே விமானத்தில் கெண்ட்ரா மட்டும். எனக்குத் தரையில் நின்றே தலை சுற்றியது. மூன்று முறை சுற்றி வந்து மூன்று முறை இறங்கினாள். கடைசி முறை ஒரே ஒரு குதிதான்.

ஹேலி அவளைக் கட்டிக்கொண்டு, "கத்திரியைக் குடு, சட்டையை வெட்டணும்" என்றாள்.

"துணிக்கா? கனவுலகூடக் கேக்காதே!" என்று கெண்ட்ரா இடுப்பைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் பட்டறையிலிருந்து ஒரு துருக்கத்திரி வந்து பச்சை முதுகைக் கடித்துக் குதறி எடுத்தது. உள்பனியனோடு, சிரிப்பும் அழுகையுமாக என்னிடம் வந்தாள்.

"கணக்கு என்ன சொல்லுது?"

"சேராதேன்னு சொல்லுது. நாலு 'நடந்தா' இருக்கு, கெண்ட்ரா. உடம்புச் சோதனைல வருஷா வருஷம் தேறினா. படிச்சு முடிச்சதும் மத்தவங்களுக்குப் பறக்கப் பாடம் சொல்லிக்குடுத்து, இப்ப வர்றதைவிடக் கம்மியா வாங்கி ரெண்டு வருஷம் தள்ளினா. அந்த நேரம் பார்த்து விமானக் கம்பெனிக்காரன் ஆள் எடுத்தா. எடுத்தவன் நடுவுல வீட்டுக்கு அனுப்பாம இருந்தா. நாலும் நடந்தா நாப்பத்தேழு வயசுல போட்டது திரும்பும். ஒண்ணு தப்பினாலும் கடையும் இல்ல, அறுபது வயசு வரைக்கும் கடன்." சொல்லும்போதே எனக்குச் சந்தேகம், இனி யார் என் தலையை வெட்டுவார்கள் என்ற கவலையையும் கூட்டலில் சேர்த்துவிட்டேனோ என்று.

"இதுவரைக்கும் என் 'நடந்தா'வுல எத்தனை நடந்திருக்கு தெரியுமா?" என்றாள். "ஒண்ணு. இப்பத்தான்."

என் முதுகைத் திருப்பி, அதன்மேல் தாளை வைத்துச் சீட்டில் பெயரை எழுதினாள். பேனா அழுத்தியது. பிறகு இடுப்பு உறையைத் திறந்து, அந்தக் கத்திரியை எடுத்து, புள்ளிக்கோடு பிசகாமல் காகிதத்தை வெட்டினாள்.