சட்டைக்காரி வந்த அசனம்

மேபலுக்கும் இப்போது என்னைப் போல நரைத்திருக்கும். எந்த ஊரில் இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, தெரியாது. ரயில் பயணத்தில் பிளாட்பாரத்தில் கவுன் போட்ட கிழவி யாரையாவது கண்டால், என் கண் அவள் கன்னத்தில் மச்சத்தைத் தேடும். யாரைப் பார்க்கிறீர்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன்.

சீமையில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டிய சமயம் அது. அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் கார்டு ஒருவரின் குடும்பம் இருந்தது. வெள்ளைக்காரர் என்று அவர்களைச் சொல்ல முடியாது. நம்மவர் என்று சொன்னால் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தெருவில் அவர்களுக்கு ஒரே பெயர்தான், சட்டைக்காரர். மேபல் அந்த வீட்டுப் பெண், என் வயதுக்காரி. ஆயாவிடம் பழகிய தமிழை வைத்துக்கொண்டு என்னோடு சளசளவென்று பேசுவாள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்கு ஒரே குடைச்சல். சட்டை நானும்தான் போட்டிருந்தேன். அப்பாவைக் கேட்டேன். நம் ஆட்கள் மேல்துண்டோடு திரிந்த காலத்தில் கப்பலில் வந்தவர்கள் கோட்டு மாட்டியிருந்தார்களாம். அதனால் அவர்கள் சட்டைக்காரர் ஆனார்களாம். பிற்பாடு வெள்ளைக்காரர் துரையாகிவிட்டார், பழைய பெயர் இரண்டு பக்கத்துக்கும் பிறந்தவர்கள் தலையில் விழுந்துவிட்டது என்றார். அப்படியானால் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகும் நீங்கள் ஏன் சட்டைக்காரர் இல்லை என்று கேட்டேன். பக்கத்திலிருந்த மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அத்தானுக்கு வேற பேரு இருக்குட்டீ. ஏசுவக் கும்பிடுதோம்னு நம்மளத்தான் வேதக்காரன்னு சொல்லுதாங்கள்லா" என்றார். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

தன்னைக் கூப்பிடுகிற அந்தப் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க மேபலுக்கு ஆசை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். என் சிலேட்டில் 'சட்டைக்காறி' என்று எழுதிக் காட்டினேன். அவள் அதன் கீழே பார்த்துப் பார்த்து எழுதினாள். என் எழுத்தைவிட அழகாகவே இருந்தது. அந்த வழியாக வந்த அப்பா, இங்கே வல்லின றகரம் வராது என்று திருத்திவிட்டுப் போனார்.

மேபலின் அம்மா பவுடர் பூசாமல் வாசலுக்கு வரமாட்டார். வெளியே போனால் தொப்பியும் கையுறையும் உண்டு. எங்களிடம் இங்கிலீஷில் மட்டும் பேசுவார். வேலைக்காரனிடம், 'நீ போ, அது கொண்டு வா' என்று துண்டு துண்டாக ஒரு தமிழ். என்னோடு மேபல் விளையாடலாம்; ஆனால் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடக் கூடாது. ஒருமுறை எங்கள் அடுக்களையில் அவள் பழையது சாப்பிட்டதைக் கண்டுபிடித்துவிட்டார். இன்னொரு தடவை பார்த்தால் மலைமேல் இருக்கும் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு மேபல் கையை இன்னொரு தரம் கழுவிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கோயில் அசனத்தைப் பற்றி நான் வாய் ஓயாமல் சொல்லியிருந்தேன். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிடும் விருந்து அது. அவளுக்கு அதில் உட்கார வேண்டும். எனக்கோ அவளுடைய கவுனை ஒரு நாளாவது போட்டுப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த கொட்டகையில் இரண்டு பேரும் உடுப்பை மாற்றிக்கொண்டோம். எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டதும் அவளுடைய செம்பட்டை முடிகூட அடங்கிப் போயிற்று. என் பாவாடையில் அவள் எனக்கு ஒரு தங்கை மாதிரி இருந்தாள்.

அவளை யாரும் கவனிக்கவில்லை. கவுன் போட்ட என்னைப் பார்த்துத்தான் பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே யாரோ பின்னாலிருந்து என் தோளை இறுகப் பிடித்து, மேபல் என்றார்கள். திரும்பினேன். மகளைத் தேடி வந்த அவள் அம்மா. என் முகத்தைப் பார்த்துத் திகைத்து, பந்தியைத் தேடிப் பார்த்தார். அங்கே மேபல் மணிக்கட்டு வரை குழம்போடு, பெரிய கவளமாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரி. எத்தன மட்டம் சொல்லியிருக்கேன் ஒனக்கு."

சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு. பந்தி முழுவதும் திரும்பியது. பரிமாறிக்கொண்டிருந்த என் பெரியம்மா மட்டும் அசரவில்லை. அசனப் பந்தலுக்குள் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்களுக்குப் பாவம். மேபல் பக்கத்தில் ஒரு இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள்.

"வந்தவ வெறும் வயித்தோட போகப்பிடாது. இரி, தாயி" என்றாள்.

அந்த அம்மா நின்றுகொண்டே இலையைப் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைக் குழியாக்கி, குழம்பை வாங்கி, விரல் நுனியால் பிசைந்தார். என் அம்மா பிசைவது போலவே இருந்தது. சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் பவுடரில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. காரம் பழக்கமில்லை போலும் என்று ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஒறைக்கலட்டி" என்றார். "தின்னு ரொம்ப நாளாச்சு."

பாவம், அவர்கள் வீட்டில் கறியே எடுப்பதில்லையாம் என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதித்ததும் அம்மா ஒரு தூக்குவாளி நிறைய ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

நான் போனபோது குவார்ட்டர்ஸ் வாசலில் மேபல் இல்லை. போர்டிங்குக்கு அனுப்பியாயிற்று என்று வேலைக்காரன் சொன்னான். அந்த அம்மா கதவருகே வந்து நின்றார். புதிதாகப் பவுடர் பூசியிருந்தது. தூக்குவாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம், நன்றி என்று இங்கிலீஷில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழம்பு சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். எலும்பு கூடிப்போய்விட்டதோ, கறியாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்க வேண்டுமோ என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.