சேற்றுவாய்

எங்கள் வாய் நாறும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் கழுத்து வரை குந்தி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டினால் அமுக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருந்தால், பிடித்ததைப் போடும் பறியை எதில் பிடிப்பது? பல்லில்தான். பனையோலையில் முடைந்த அந்தச் சின்னக் கூடையின் கயிற்றைக் கடித்துக்கொண்டால், அது முகத்துக்கு முன்னால் மிதந்துகொண்டே கூட வரும். காலையிலிருந்து உச்சி வரை அப்படித்தான். கயிற்றில் ஊறிய சேறும் இறால் கசிவும் பல்லிடுக்கில் இறங்கிவிடும். குளித்தாலும் போகாது.

வாயில் கயிறு இருப்பதால் தண்ணீரில் யாரும் பேச முடியாது. மனசுதான் பேசும். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.

“தண்ணில இருக்கச் சொல்ல இன்னாமா நெனப்ப?”

“மாதாகிட்ட பேசிக்கினு இருப்பேன்.”

“இன்னா பேசுவ?”

“ஒன்னப் பத்திதான், ஒங்க நைனாவப் பத்திதான். அந்தம்மாவும் புள்ள பெத்தவதானே? காது குடுத்துக் கேக்கும்.”

அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அவள் வயிற்றில் இருந்தபோது அவளும் நைனாவும் ஞானஸ்நானம் வாங்கினார்கள். கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் வேதம் வேறு, எங்கள் வேதம் வேறு. எங்களுக்கு ஊருக்குள் மாதா கோயில். எங்கள் குப்பம் ஏரிக்கு நடுவில் ஒரு திட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தோணியில் ஏறிக் கோயிலுக்குப் போவோம். சாமியார் மயிலாப்பூரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் எல்லாம் உபதேசியார்தான். செபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு வருவது, யார் நல்லவர், யார் பாவி என்று தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர்தான்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்த வருடம்தான் அம்மாவோடு தண்ணீரில் இறங்க ஆரம்பித்திருந்தேன். எனக்கென்று ஒரு பறி முடைந்து கொடுத்தாள். பெருமையாக இருந்தது.

கோயில் வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்து உபதேசியார் கேட்பார். “ஞானஸ்நானம் பெறாத குழந்தை சாகக் கிடந்தால் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்?” நாங்கள் சேர்ந்து கத்துவோம். “யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்!” “எப்படி?” “தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும்!”

ஒருநாள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தேன். அவர் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீ, தள்ளி நில்லுடி. சேத்தத் துன்னுட்டு வந்தியா? இந்த வாய்ல பிதா சுதன் வருமா? போய்ச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு வா, போ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கே பெயர் வந்துவிட்டது. சேத்துவாய். தோணியில் திரும்பும்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். “சேத்துவாய், ஒரு செபம் சொல்லேன், மீனுங்கோ மெதக்கும்!”

நைனா கேட்டுவிட்டுச் சிரித்தார். “அந்தாளு வாய்ல மட்டும் சாம்பிராணியா வருது? அவரும் கருவாடுதான் துன்றாரு.” அதோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. பேசும்போது வாயைக் கையால் மறைக்கப் பழகினேன். கோயிலில் எல்லோரும் செபம் சொன்னால் உதட்டை மட்டும் அசைப்பேன். தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது என் மனசும் பேசியது. ஆனால் மாதாவோடு இல்லை. சேத்துவாய், சேத்துவாய் என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆண்டவரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்று நிச்சயமாக நம்பினேன்.

அந்த உபதேசியார் நல்லவர், ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். நல்லவர் சொன்னதால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்தது. குடிகாரன் சொல்லியிருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வருடத் தபசு காலத்தில், நாற்பது நாள் நோன்பில், எனக்குத் தம்பி பிறந்தான். ஈஸ்டருக்கு வரும் சாமியார் கையால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். பெரிய வெள்ளிக்கு முதல் நாள் அவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது.

பெரிய வெள்ளியன்று கப்பல் வந்தது. கப்பல் வந்தால் கோட்டைக்கு வெள்ளியும் இல்லை, ஞாயிறும் இல்லை. கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றி இறக்கும் சலங்குப் படகு தள்ள நைனாவைக் கூட்டிப்போய்விட்டார்கள். கப்பல் தலைவனுக்கு விருந்தாம், இறால் வேண்டுமாம். கோட்டை ஆள் தோணியில் வந்து, தண்ணீரில் இறங்காவிட்டால் முகத்துவாரத்துப் பக்கம் இனிமேல் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். குப்பத்தில் மற்ற எல்லோரும் விடிவதற்குள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தம்பிக்கு உடம்பு சுட்டதால் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம்.

தம்பிக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆட்டிக்கினே இரு கண்ணு. தண்ணி ஏறதுக்குள்ள வந்துட்றேன். அழுதா தூக்கி வெச்சிக்கோ.”

பறியை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கயிற்றைக் கடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது தம்பியின் அழுகை மாறியது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஆனது. அப்புறம் அதுவும் இல்லை. தூக்கினேன். கை கால் விறைத்து, கண் மேலே போய், உதடு நீலமாக இருந்தது. வெளியே ஓடிக் கத்திப் பார்த்தேன். குப்பத்தில் ஒரு நாயைத் தவிர யாருமில்லை. அம்மா இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத தூரம்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். பானையின் அடியில் கிடந்த தண்ணீரைச் சிரட்டையில் எடுத்தேன். ஒரு சிரட்டைதான் இருந்தது. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

இந்த வாயில் பிதா சுதன் வருமா?

சிரட்டைத் தண்ணீர் தம்பிக்கு. என் வாய்க்கு வேறு தண்ணீர் வேண்டும். அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளிக்கொண்டு மணலில் தோண்டிய ஊற்றுக்கு ஓடினேன். தேய்த்தேன். கொப்பளித்தேன். உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். நாற்றம் இருந்தது. மறுபடி தேய்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடி மோந்தேன். ஊற்றில் தண்ணீர் வற்றி, ஊறுவதற்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகும் ஒருமுறை கழுவினேன்.

திரும்பி வந்தபோது தம்பி செத்திருந்தான். சிரட்டையில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அம்மா வந்தாள். வாயில் பறி இருந்தது. தொட்டிலைப் பார்த்ததும் பல் தானாகத் திறந்து பறி கீழே விழுந்தது. இறால்கள் தரையெல்லாம் துள்ளின. அவனை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆட்டினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். என் முகவாயில் சாம்பல் வழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். கீழே பார்த்தாள், சிரட்டை. மறுபடி என்னைப் பார்த்தாள். ஈர முந்தானையால் என் வாயை அழுத்தித் துடைத்தாள். சிரட்டைத் தண்ணீரை மணலில் ஊற்றினாள்.

“யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத.”

சாவு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், அழுக்கு முகத்தோடு நிற்கக்கூடாது என்று துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறையில் இடம் இல்லை என்றார். நைனா கோயில் சுவருக்கு வெளியே, முட்புதருக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளிவிட்டு எல்லோரும் நின்றபோது உபதேசியார் அம்மாவிடம் கேட்டார்.

“பெரிய வெள்ளியும் அதுவுமா எங்கடி போன?”

“எறா புடிக்கப் போனேங்க.”

“ஆண்டவர் சிலுவையில தொங்குற நேரத்துல எறா புடிச்சியா? பாவி. ஒன் பாவம்தான் புள்ளய மோட்சத்துக்கு வெளிய நிறுத்திடுச்சு.”

“ஆமாங்க. எம் பாவம்தான்.”

நைனா மண்வெட்டியைக் கீழே போட்டார். “நானுந்தான் சலங்கு தள்ளனேன். எனுக்கு இன்னா வெச்சிக்கீற?”

“உன்னக் கூட்டிட்டுப் போனாங்க.”

“அவள மட்டும் இன்னா, வெத்தல பாக்கு வெச்சா கூப்டாங்க?”

“வுடுய்யா,” என்றாள் அம்மா. “அவரு சொல்றது சரிதான்.”

சாமியார் வந்து தீர்ப்பு சொல்லும்வரை அம்மா கோயிலுக்குள் வரக்கூடாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தலையில் கருவேல முள் வைத்துக் கோயில் வாசற்படியில் முழங்காலில் நிற்க வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அந்த வருடம் சாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. நாலு மாதம் அம்மா முள்ளோடு நின்றாள். முதலில் பெண்கள் அவளைத் தாண்டிப் போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். முள்ளுக்காரி என்றார்கள். தண்ணீர்த் துறையில் யாராவது “ஏய் முள்ளுக்காரி!” என்றால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். கோபம் இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலவே திரும்புவாள்.

அவளைக் கேலி செய்ய ஆரம்பித்ததும் பிள்ளைகள் என்னைச் சேத்துவாய் என்று கூப்பிடுவதை மறந்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் கரையேறியபோது கேட்டேன். “மாதாகிட்ட இப்போ இன்னாமா பேசற?”

“ஒண்ணும் பேசறதில்ல. அவங்களுக்கு ஆயிரம் வேல.” முன்பெல்லாம் அந்தம்மா என்பாள். இப்போது அவங்க என்றாள்.

சாமியார் ஆடி மாதத்தில் வந்தார். கிழவர். கைத்தடி ஊன்றித்தான் நடந்தார். வாசற்படியில் அம்மாவைப் பார்த்து நின்றார். உபதேசியார் விஷயத்தைச் சொன்னார். சாமியார் தன் கையாலேயே முள்ளை எடுத்துத் தூரப் போட்டார். விரலில் குத்தி ரத்தம் வந்தது. உபதேசியாரை அவர் திட்டியது அவருடைய பாஷையில். எனக்குப் புரியவில்லை. பிறகு தமிழில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“மகளே, அன்றைக்கு வீட்டில் செபம் தெரிந்தவர் யாருமே இல்லையா?”

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் இல்லீங்க சாமி.”

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

“உன்மேல் பாவம் இல்லை. எழுந்து உள்ளே வா,” என்றார் சாமியார்.

அம்மா எழுந்தாள். படியில் ஒரு கால் வைத்தாள். நின்றாள். காலை எடுத்துக்கொண்டாள்.

“புள்ள போவட்டும் சாமி. நா இங்கியே இருக்கேன்.”

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நைனா கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்கு வந்தாள். அந்தப் படியை ஒருநாளும் தாண்டவில்லை. என் மேல் விழவிருந்த பாவி என்ற சொல்லை அவள்தான் தலையில் வாங்கிக்கொண்டாள். முள்ளைச் சாமியார் எடுத்துப்போட்டார். சொல்லை எடுக்க அவருக்கும் கை எட்டவில்லை.

பின்னால் வந்த பஞ்சத்தில் சாகக் கிடந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தண்ணீரிலிருந்து ஏறிய ஈரத்தோடு, பறியைக் கீழே போட்டுவிட்டு, அதே வாயோடு சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட வாய் கழுவிக்கொண்டு போனதில்லை. அதைச் செய்ய எனக்கு இருபது வருடம் ஆனது.

சாமியார் முள்ளை எடுத்துப்போட்ட அன்றைக்கு அம்மா என்னைத் தனியாக உள்ளே அனுப்பினாள். குனிந்து காதில் சொன்னாள்.

“வாயத் தொறந்து சொல்லு கண்ணு. நல்லா சத்தமா. எனுக்கு இங்க கேக்கணும்.”

உள்ளே போனேன். கையை வாயிலிருந்து எடுத்தேன். மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாக ஆரம்பித்தேன். பிதா, சுதன் என்றேன். அம்மாவுக்குக் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கும் நாறுகிறது என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.