மாடனுக்குப் போன ஏழாம் நம்பர்

என் வீட்டுக்காரர் பேர் மகாராஜன். பேரைக் கேட்டு யாரும் மலைத்துப்போக வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். நாலு தெரு தள்ளி யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று கேள்விப்பட்டாலும் கூப்பிடாமலே ஸ்பேனரோடு போய் நிற்பார். "உங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று நான் ஏசாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவர் போன வருஷம் ஆனி மாதம் குளியலறையில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது கால் தேறியிருந்தது, பேச்சும் தேறியிருந்தது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

"கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்கம்மா, திரும்பி வந்துரும். வருஷம் தாண்டிட்டா வாரது கஷ்டம்" என்றார் டாக்டர். பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இவர் சில நாள் அமுக்கினார். பிறகு பந்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, "நான் என்ன தொட்டில் புள்ளையா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கப்புறம் இடது கையை மடியில் போட்டு மேலே துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிட வேண்டும் என்பதால் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக்குணம். இட்லி வைக்கும்போது ஏசுவேன், மாத்திரை கொடுக்கும்போது ஏசுவேன். முன்னெல்லாம் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர், இப்போது வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதர் கையை மட்டும் விடவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று தோன்றியது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு சாக்கு மூட்டை கிடைத்தது. அவிழ்த்தால், துருப்பிடித்த கோல்ஃப் மட்டைகள். அவற்றில் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும்; அதன் வளைந்த தலையால்தான் வருஷக்கணக்காக முருங்கைக்காய் பறித்தேன். தெருவில் பழைய இரும்பு வாங்குகிற வண்டி நின்றது. மூட்டையை இழுத்துக்கொண்டு போய் வாசல்படியில் தொப்பென்று போட்டேன். இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"ஏட்டி! வைட்டி கீழ!"

தெருவே திரும்பிப் பார்த்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அந்தத் தொண்டையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்கவில்லை. இரும்புக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே விட்டார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அந்த மட்டைகளுக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் ஆலை அதிகாரிகள் பங்களாவுக்குப் பின்னால் புல்வெளி வைத்து கோல்ஃப் ஆடுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் இவர் அங்கே பை தூக்கப் போனார். ஆலையில் வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பை தூக்குவதை விடவில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு அதிகாரி, "இது உன்னிடம் இருக்கட்டும்" என்று தன் பழைய செட்டைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அறுவடை முடிந்த வயலில் இவர் தனியாக அடித்துப் பழகியிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பந்து எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஷிஃப்ட், பிள்ளை, வீடு கட்டுவது என்று காலம் போனதில் செட்டு பரணேறிவிட்டது.

"இது என்னன்னு நெனச்ச? வார்ப்பு இல்லட்டி. காய்ச்சி அடிச்ச இரும்பு. வார்ப்புன்னா வளைச்சா ஒடிஞ்சிரும். இது சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

"உங்களை விடத் தேவலை" என்றேன்.

மறுநாள் காலையில் வீட்டு முன்கூடத்தில், எங்கள் பட்டாசாலையில், பழைய பேப்பரை விரித்துக் கடையைப் பரப்பிவிட்டார். துருவை எடுக்க வினிகர் வேண்டும் என்றார். புளிக்கரைசலில் போட்டால் போதாதா என்று கேட்டேன், "இது உன் பித்தளைக் குத்துவிளக்கா?" என்று சீறினார். ஆகா, சீறுகிறாரே என்று மனசு குளிர்ந்து கடைக்கு ஓடினேன். வினிகரில் ஊறிய தலைகளை இரும்புநாரால் தேய்த்து, உப்புத்தாளால் மெருகேற்றி, எண்ணெய் பூச வேண்டும். மட்டையை நான் பிடித்துக்கொள்வேன், இவர் வலது கையால் தேய்ப்பார். என் மேல் இருந்த ஆயிரம் குறையையும் அப்போது சொல்வார். பிடி ஆடுகிறது, சாய்வு தப்பு, கவனம் அடுப்பில் இருக்கிறது. ஒருநாள் நிஜமாகவே பால் பொங்கும் வாசனை வந்து எழுந்து ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மட்டையின் தண்டு இடது முழங்கைக்கும் தொடைக்கும் நடுவில் இருந்தது. விரல்கள் அதன் மேல் கிடந்தன. பிடித்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் துண்டுக்கு அடியில் இல்லை. நான் பார்க்காத மாதிரி மறுபடியும் அடுப்படிக்குப் போய், இல்லாத பாலைக் கிண்டினேன்.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் கலைச்செல்வி புது ரப்பர் பிடிகளை வாங்கி அனுப்பினாள். பழைய பிடிகள் காய்ந்து வெடித்திருந்தன. புதிதை மாட்டுவது லேசான வேலை இல்லை. தண்டில் ரெண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, பெட்ரோலால் நனைத்து, அது ஆவியாவதற்குள் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். ஒரு கை தண்டை இறுக்க வேண்டும், ஒரு கை பிடியைத் தள்ள வேண்டும். நான் தண்டைப் பிடித்தேன், இவர் தள்ளினார். பாதியில் நின்று ஒட்டிக்கொண்டது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். இப்படி ரெண்டு பிடி வீணான பிறகு மீதியை நானே மாட்டினேன். அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்த அன்றைக்குத்தான் ஒன்று குறைவது தெரிந்தது. ஒவ்வொரு மட்டையின் தலையிலும் ஒரு நம்பர் வெட்டியிருக்கும்; ஆறாம் நம்பருக்குப் பக்கத்தில் எட்டாம் நம்பர் நின்றது.

"ஏழு எங்கட்டி?"

பரணைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை.

"ஏழுதான் நம்ம ஆளு. அது கையில இருந்தா எதையும் அடிச்சிருவேன். அது இல்லாம இது என்ன செட்டு?" என்றார். இந்த ஆட்டத்துக்கு இடது கைதான் எசமான், வலது கை கூடவருகிற ஆள் என்றும், அது இல்லாதவனுக்குச் செட்டு எதற்கு என்றும் அதே மூச்சில் சொன்னார். துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டார்.

ஏழு எங்கே போனது என்பது இவருடைய தங்கை இசக்கிச்செல்வி வந்தபோது தெரிந்தது. நான் புலம்பியதைக் கேட்டு அவள் முகம் மாறியது.

"மதினி, அந்தக் கம்பா? அது மாடன்கிட்டல்லா இருக்கு."

அண்ணன் விழுந்த அன்றைக்கு, எழுந்து நடந்தால் இரும்பு தருகிறேன் என்று குலதெய்வமான சுடலைமாடனுக்கு நேர்ந்திருக்கிறாள். எங்கள் மாடனுக்கு வெட்டரிவாள் நேர்ந்து, பீடத்துக்கு முன்னால் நட்டு வைப்பதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியிலேயே அவர் காலை ஊன்றி நடந்ததும் அரிவாள் அடிக்கச் சொன்னால், கொல்லர் ஒரு வாரம் ஆகும் என்றாராம். இவளுக்குப் பொறுக்குமா? நான் இவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இவருடைய மூக்குக்கண்ணாடியை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவள், பரணில் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

"தலைகீழா வச்சுப் பாருங்க, அருவாள் கணக்காத்தான இருக்கு?" என்று என்னையே கேட்டாள். சிரிப்பதா, அவள் தலையில் குட்டுவதா என்று தெரியவில்லை.

நேர்ந்ததை எடுக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கொல்லரிடம் புது அரிவாள் ஒன்று வாங்கிக்கொண்டு, மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்தோம். மாடனிடம் மாற்றிக் கேட்போம். கொடுத்தால் இந்த மனிதர் மறுபடி எழுந்திருப்பார் என்பதுதான் என் கணக்கு. இவர் வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். பிறகு ஒரு துணிப்பையில் உப்புத்தாள், எண்ணெய், டேப்பு, மீதி இருந்த ஒரு பிடி, பெட்ரோல் சீசா எல்லாம் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கோயில் ஆற்றங்கரையில், மருத மரங்களுக்கு அடியில். பீடத்துக்கு முன்னால் கருத்த அரிவாள்கள் வரிசையாக நிற்க, நடுவில் நம்ம ஏழாம் நம்பர் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சந்தனம், குங்குமம், காய்ந்த பிச்சிப்பூ மாலை, கழுத்து வரை துரு. பூசாரி அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுத் தாடையைத் தடவினார்.

"குடுத்தது குடுத்ததுதாம்மா. மாடன் உத்தரவு குடுத்தா எடுத்துக்கிடுங்க. பூக் கட்டிப் பாத்துருவோம்."

வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வைத்துக் கட்டி, குலுக்கிப் பீடத்தில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். இசக்கிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால், செவ்வரளி.

எனக்கு வந்ததே கோபம்! கும்பிட்ட கையை இறக்கிவிட்டு மாடனைப் பார்த்துக் கத்தினேன். "ஏன்யா, ஒனக்குக் கொஞ்சமாவது நியாயம் இருக்கா? இத்தனை அருவாள் நிக்கது பத்தலையா? இந்த மட்டைய வச்சு நீ என்ன பந்தா அடிக்கப் போற? அந்த மனுசன் கையக் கேட்டேன், அது ஒனக்குக் காதுல விழல. ஒரு கம்பக் கேட்டேன், அதையும் தரமாட்டேங்க!"

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, முன்பு சிரிப்பாரே அந்தச் சிரிப்பு. "விடுட்டி, மாடனுக்கும் ஏழுதான் பிடிச்சிருக்கு. வெவரமான சாமி" என்றார். அப்புறம் பூசாரியிடம் திரும்பி, "அண்ணாச்சி, கொண்டுபோகத்தான கூடாது? தொடைக்கலாம்லா? சாமிக்குக் குடுத்த பொருள் இப்படியா துருப்புடிச்சி நிக்கது?" என்று கேட்டார்.

"நல்லாத் தொடையும்வே. அருவாளுக்கு நான் எண்ணெய் போடுவேன். இந்தச் சனியனுக்கு என்ன போடணும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் பூசாரி.

நானும் இசக்கிச்செல்வியும் பொங்கல் வைக்கப் போனோம். கோபத்தில் நான் அடுப்பை ஊதிய ஊதில் சாம்பல் பறந்தது. பொங்கல் பொங்கிக் குலவையிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான், மட்டையைப் பிடித்துக்கொள்ள இவர் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது. எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மட்டையின் தலை பளபளவென்றிருந்தது. பெட்ரோல் வாசனை வந்தது. தண்டை இடது கை பிடித்திருந்தது. விரல்கள் நடுங்கின, மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது, ஆனால் பிடித்திருந்தது. வலது கையால் பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினார். அது கடைசி வரைக்கும் போய் நின்றது.

நான் இசக்கிச்செல்வியின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "பைய. பேசாம இரு."

அவர் எழுந்தார். மட்டையைத் திரும்பவும் பீடத்துக்கு முன்னால் நட்டு வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து, பூசாரியின் தட்டிலிருந்து உருண்டு கிடந்த ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டையாலேயே தள்ளி மணலுக்குக் கொண்டுவந்தார். கால்களை அகற்றி நின்றார். இடது கையை முதலில் வைத்தார், அதன் கீழே வலது கை. "ஏ மகாராசா, கோயில்வே!" என்று பூசாரி பதறுவதற்குள் மட்டை தோளுக்கு மேல் போய் இறங்கிவிட்டது. பழம் பாதி பிய்ந்து, சாறு தெறிக்க, மருத மரத்தைத் தாண்டி ஆற்றில் போய் விழுந்தது.

அவர் மட்டையைத் தோள்மேல் போட்டபடி அப்படியே நின்றார். ரெண்டு கையும் அதில்தான் இருந்தன. கல்யாணமான புதிதில் வயலில் பார்த்த அதே முகம். நான் வாய்விட்டு அழுதேன். வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது!

"அண்ணாச்சி, இன்னொரு பழம்" என்று பூசாரியிடம் கையை நீட்டினார்.

இடது கையை நீட்டினார். கோயிலில், பூசாரியிடம், இடது கை. சின்னப் பிள்ளைகூடச் செய்யாது. "கைய மாத்துங்க" என்று ஏசப் போனவள், முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூசாரி அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழத்தை எடுத்து அந்தக் கையிலேயே வைத்தார்.