உள்ளறைக்குள் கால் வைத்த மருமகன்

பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் அந்தக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஆசி வாங்கப் போனேன். நோன்தூம் கிராமத்தில் அந்த அங்கியைப் போட்ட முதல் ஆள் நான்தான். அப்பா கரும்பு வெட்டி வாங்கித் தந்த படிப்பு அது. ஆகவே எந்த வீட்டுப் படியிலும் நான் காத்து நிற்கவில்லை, எல்லோரும் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டார்கள். சாய்தோங் அம்மாவின் வீட்டில் மட்டும் மரப்படியின் உச்சியில் ஒருவர் குறுக்கே நின்றார். முகத்தில் மாஸ்க். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்கேயே நில்லுங்க. தம்பி யாரு?"

சொன்னேன். பட்டத்தையும் சேர்த்தே சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம். கீழ குழாய் இருக்கு, சோப்பு இருக்கு. கையைக் கழுவிட்டு, அந்தத் தொங்கல் அங்கியைக் கழட்டி வேலியில போட்டுட்டு வாங்க. ஊர்த் தூசி மொத்தத்தையும் கூட்டிட்டு வந்திருக்கு அது."

அப்படித்தான் பிரயூன் அண்ணனை முதன்முதலாகப் பார்த்தேன். நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது சாய்தோங் அம்மாவின் மகளைக் கட்டி எங்கள் ஊருக்கு மருமகனாக வந்தவர். பிறகு நான் இங்குள்ள சுகாதார நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டு உள்ளறையில் நடந்ததை அவர் வாயாலும், சாய்தோங் அம்மா வாயாலும், அம்மாவின் அண்ணன், இன்னும் கோபம் தீராத ஓன்சா மாமா வாயாலும் கேட்டாயிற்று. மூன்று பேர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது. திட்டும் இடங்கள் மட்டும்தான் வேறு.

பிரயூன் ஆற்றுக்கு அக்கரைக்காரர். எங்கள் பக்கம் கல்யாணம் ஆனதும் பையன்தான் பெண் வீட்டுக்கு வருவான், அதில் கேலி ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவன் எத்தனை வருடம் ஆனாலும் வந்தவன்தான். வீட்டின் கிழக்கு மூலையில் உள்ளறை. அந்த வீட்டுப் பெண்வழி முன்னோர்கள், ஆத்தாமார், அங்கேதான் குடியிருக்கிறார்கள். மருமகன் அதன் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டுப் பெண் ஒருத்தியின் உயிருக்கு ஆகாது. மாமியாரின் உடம்பைப் பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம். பிரயூன் இதையெல்லாம் மீற நினைத்தவரே இல்லை. கொல்லையில் காளான் கொட்டகை போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார்.

சர்க்கரை நோய் சாய்தோங்கின் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. மாகாண ஆஸ்பத்திரியில் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். மருந்துத் தண்ணீரை அதன் வழியே வயிற்றுக்குள் இறக்கி, ஊறவிட்டு, உடம்பின் கழிவோடு சேர்த்து இன்னொரு பையில் வடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் தினமும் நான்கு தடவை செய்தாக வேண்டும். மகள் வான்பென்னுக்குக் கடலோரத் தொழிற்சாலையில் வேலை. அந்தச் சம்பளத்தை விட முடியாது. ஆகவே பயிற்சிக்குப் போனவர் மருமகன்.

பயிற்சி கொடுத்தவர் தாருணி என்ற நர்ஸ்.

"இந்தக் குழாய் உங்க மாமியாருக்கு உயிர். கிருமிக்கு இது திறந்து வச்ச கதவு. வடிஞ்ச தண்ணி கலங்கினாலோ, வயிறு வலிச்சாலோ, குழாய் வெளிய வர்ற இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வச்சாலோ அன்னிக்கே கூட்டிட்டு வரணும். காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க."

"காளான் வளக்கற பை மாதிரின்னு சொல்லுங்க," என்றார் பிரயூன். "வித்துப் போடறப்ப காத்து வரக் கூடாது, கையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். பையில பூஞ்சை ஒரு பச்சைப் புள்ளியாக் கண்டா அன்னிக்கே பிடிக்கணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா கொட்டகையே போயிடும்."

"அதேதான். ஆனா உங்க மாமியாரைக் காளான் பைன்னு அவங்ககிட்டயே சொல்லிடாதீங்க."

குழாயில் கிருமி முற்றினால் அதைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அப்புறம் வாரம் மூன்று நாள் நகரத்துக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். சாய்தோங் அதைப் பற்றி முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்த மிஷினுக்கு நான் போக மாட்டேன். குழாய் போச்சுன்னா நானும் போறேன்." சொன்னால் செய்கிற ஆள் அவர். குழாய் இருக்கும்வரைதான் மாமியார் இருப்பார் என்று பிரயூனுக்கு விளங்கிவிட்டது.

தண்ணீர் மாற்ற, காற்றில்லாத சுத்தமான அறை வேண்டும். தூண் நட்டு உயர்த்திக் கட்டிய எங்கள் மரவீடுகளில் அதற்கு எங்கே போவது? பலகை இடுக்கு வழியே கீழேயிருந்து கோழித்தூசி ஏறும், நாலாபுறமும் காற்று. கதவை இறுகச் சாத்தக்கூடிய இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது உள்ளறை.

சாய்தோங்கின் அண்ணன் ஓன்சா வந்து உட்கார்ந்தார். அந்தப் பரம்பரைக்கு அவர்தான் மூத்தவர். வைத்தியரும்கூட. வெற்றிலையை மென்று, மந்திரம் சொல்லி, புண்ணின் மேல் ஊதுகிறவர். நாய்க்கடியிலிருந்து அக்கி வரைக்கும் ஊர் அவரிடம்தான் போகும்.

"தங்கச்சி உள்ள இருக்கலாம், அது அவ அம்மா ரூம்பு. இந்த அக்கரைப் பய வாசலோட நிக்கணும்."

"நின்னுக்கிட்டு எப்படி மாமா செய்யறது?"

"வாய் இருக்குல்ல? சொல்லு, அவ செய்வா."

அப்படியே நடந்தது. பார்வை மங்கிய மாமியார் உள்ளே உட்கார்ந்து குழாயைத் திருக, மருமகன் வாசலில் குத்தவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார். "மின்விசிறி நின்னுச்சா? மாஸ்க் மூக்கு மேல இருக்கா? கையை எங்கயும் வைக்காதீங்கம்மா, காதைச் சொறியாதீங்க!" வடிந்த பை வாசலுக்கு வரும். அதை லாட்டரி முடிவுத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பார். தண்ணீருக்கு அடியில் எண்கள் பளிச்சென்று தெரிந்தால் நல்லது, மங்கினால் ஆபத்து. இது ஊருக்குத் தெரிந்ததும் படியடியில் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது.

"மாப்ள, இன்னிக்கு எந்த நம்பர் நல்லா மின்னுது?"

"எல்லாமே மின்னுது. பரிசு எங்க அம்மாவுக்கு. உனக்கு ஒண்ணும் கிடையாது, போ."

பையை இப்படிப் பார்க்க முடிந்தது. வயிற்றைப் பார்க்க முடியவில்லை. தினமும் கேட்பார்.

"குழாய் பக்கம் எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு."

"சிவப்பு, வலி, ஏதாவது?"

"மாமியா வயித்தைப் பத்தி மருமகன் கேக்கற கேள்வியா இது? போய் உன் காளானைப் பாரு."

மழை கேட்டு வானத்துக்கு மூங்கில் ராக்கெட் விடும் திருவிழாவுக்கு ஊர் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த கோடை அது. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போன பிரயூன், மாமியாரின் கைலியில் இடுப்புக்குச் சற்றுக் கீழே பழுப்புச் சிவப்பில் ஒரு கறையைப் பார்த்தார். ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தார். மோந்து பார்த்தார். வெற்றிலை.

சிறுநீரகம் போன நாளிலிருந்து சாய்தோங் வெற்றிலையைத் தொட்டதில்லை. அந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களில் வெற்றிலை மெல்லுகிற வாய் ஒன்றுதான்.

துணியைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெற்றிலைத் தட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தார் ஓன்சா. கன்னம் உப்பியிருந்தது.

"மாமா, அங்க என்ன பண்றீங்க?"

"தங்கச்சி புண்ணுக்கு ஊதறேன். நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு மூணாவது ஊதினா அடங்கிடும்."

"புண்ணா? எந்தப் புண்ணு?"

சாய்தோங் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாய்ப் பக்கம் அரிக்க ஆரம்பித்து, பிசுபிசுக்கவும் தொடங்கியிருந்தது. மருமகனிடம் காட்ட வெட்கம். ஆஸ்பத்திரியில் சொன்னால் குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

"கையைக் கழுவினீங்களா மாமா?"

"மந்திரம் சொன்ன வாய்டா இது!"

"மந்திரம் வாய் சொல்லுச்சு. வெத்தலை சொல்லலையே."

"நாக்கு நீளுது உனக்கு. காலையிலகூட நம்பர் எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னு ஊருக்கே கத்தினே. தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

"தண்ணி கலங்கிட்டா கிருமி வயித்துக்குள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம். நான் அதுக்கு முன்னாடியே பிடிக்கணும். அம்மா, துணியை நகத்துங்க. நான் பாக்கணும்."

"அங்கேருந்தே பாரு," என்றார் சாய்தோங், சுவரைப் பார்த்தபடி.

"இங்கேருந்து தெரியலம்மா."

"தெரியலைன்னா விடு! நாளைக்கு மூணாவது முடியட்டும், அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ," என்று ஓன்சா கைத்தடியை வாசலுக்குக் குறுக்கே நீட்டினார். "இந்தப் படியைத் தாண்டினா அவ கழுத்தை நீயே நெரிச்ச மாதிரி."

பிரயூன் திரும்பிக் கீழே இறங்கினார். அடங்கிவிட்டான் பயல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். புது மாஸ்க் எடுத்துக் கட்டினார். நம்பர் கேட்க வந்த கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கையை மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி படியேறி, உள்ளறை வாசலில் நின்று, ஆத்தாமார் குடியிருக்கும் கிழக்குத் தூணைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆத்தாமாரே! நான் அக்கரைக்காரன், எனக்கு இங்க இடமில்லைன்னு தெரியும். உங்க பொண்ணு வயித்தைப் பாக்க வர்றேன். கோவம் வந்தா என் கழுத்தைப் பிடிங்க. அவங்களை விட்டுடுங்க."

கைத்தடியைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்.

ஓன்சா தடியை ஓங்கிவிட்டார். சாய்தோங்கின் குரல்தான் அதை நிறுத்தியது.

"அண்ணா, இது யார் வீடு?"

"நம்ம அம்மா வீடு."

"அம்மா எனக்குக் குடுத்த வீடு. நீயும் ஒரு வீட்டுக்கு மருமகனாப் போனவன்தானே? உன் மாமியா உள்ளறையில மூச்சுக்குத் தவிச்சப்போ நீ வாசல்ல நின்னே. வழக்கத்தை மீறலை. நல்ல மருமகன்னு ஊரே மெச்சுச்சு. அந்தம்மா போய்ச் சேந்துட்டா." அவர் தன் கையாலேயே துணியை விலக்கினார். "எனக்கு நல்ல மருமகன் வேண்டாம். இவன் போதும். பாருடா."

ஓங்கிய தடி மெதுவாகக் கீழே வந்தது.

பிரயூன் குனிந்து பார்த்தார். குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. வெற்றிலைச் சாற்றை உப்புநீரால் துடைத்தபோது ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் லேசாகத் தொட்டதும் சாய்தோங் பல்லைக் கடித்தார். காளான் பையில் பச்சைப் புள்ளி.

"புடுங்கிடுவாங்களா?" அவ்வளவு நேரம் கர்ஜித்த சாய்தோங்கின் குரல் அதற்குள் சின்னதாகியிருந்தது.

"இன்னிக்கே போனா புடுங்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். நாளைக்குப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப ஏன் இன்னும் குந்திக்கிட்டிருக்கே? வண்டியை எடு."

காளான் கூடைகள் ஏற்றும், மோட்டார் சைக்கிளோடு பிணைத்த பக்கவண்டியில் மெத்தையை விரித்து அவரை உட்கார வைத்தார். வடிந்த பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். படியடிக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் அப்போதும் விடவில்லை. "மாப்ள, வண்டி நம்பர் என்ன?"

ஆஸ்பத்திரியில் தாருணி பார்த்தார், டாக்டர் பார்த்தார், சீழையும் பையின் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பினார்கள். கறையைப் பற்றிக் கேட்டபோது மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெத்தலை," என்றார் சாய்தோங். "எங்க அண்ணன் ஊதினாரு."

"எச்சிலோடயா?" தாருணி தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு இருவருக்கும் சேர்த்து ஒரு பாட்டுப் பாடித் தீர்த்தார். முடிவில் சொன்னார்: "தோல்லதான் இருக்கு, வயித்துக்குள்ள போகலை. இப்படியே விட்டிருந்தா குழாய் வழியா உள்ள இறங்கியிருக்கும். மருந்தை நடுவுல நிறுத்தாம சாப்பிடணும். குழாய் இருக்கட்டும்."

குழாய் இருக்கட்டும் என்ற அந்த ஒரு சொல்லுக்கு சாய்தோங் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே வந்தாராம். துடைப்பக்காரருக்கும் ஒரு கும்பிடு.

ஊர் திரும்பியபோது ஓன்சா நாலு பெரியவர்களைக் கூட்டி வைத்திருந்தார். வழக்கத்தை மீறியதற்குத் தண்டம்: பூவும் மெழுகுவர்த்தியும், வேகவைத்த கோழி ஒன்று, சாராயம் ஒரு போத்தல், மூத்தவர் காலில் விழுந்து மன்னிப்பு. பிரயூன் பூவை வைத்தார், மெழுகுவர்த்தியை ஏற்றினார், கோழியையும் போத்தலையும் தூணடியில் படைத்துக் கும்பிட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கால்ல விழலை," என்றார் ஓன்சா.

"ஆத்தாமார்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அவங்க என் கழுத்தைப் பிடிக்கலை, பாத்தீங்கல்ல? உங்ககிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. இந்தாங்க." ஒரு புது சோப்புக்கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இனிமே இதைப் போட்டுக் கையைக் கழுவிட்டு மேல வாங்க, உக்காருங்க, தங்கச்சிகிட்ட பேசுங்க. ஊதணும்னா மட்டும் படிக்குக் கீழ நின்னு ஊதுங்க. காத்துதானே, தானா மேல வரும்."

பெரியவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஓன்சா சோப்பை எடுக்காமல் எழுந்து போனார். திருவிழா முடிந்து நடவு தொடங்கும்வரை அந்தப் பக்கமே வரவில்லை.

சாய்தோங் அம்மாவின் வயிற்றில் இப்போதும் அதே குழாய்தான் இருக்கிறது. பிரயூன் அண்ணன் தினமும் உள்ளறைக்குள் போகிறார், தண்ணீர் மாற்றுகிறார், துணியை விலக்கிக் குழாய் பக்கத்தைப் பார்க்கிறார், பையை லாட்டரித் தாளின் மேல் வைத்துப் பார்க்கிறார். வான்பென் அக்கா புத்தாண்டு விடுமுறைக்கு வந்து போகிறார். ஓன்சா மாமா வாரம் ஒரு நாள் வந்து, படிக்குக் கீழே நின்று மேலே பார்த்து ஊதுகிறார். ஊதிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு படியேறுகிறார்.