பதினைந்தாம் மனையில் மேய்ந்த மாடு

கடலைப் புண்ணாக்கின் வட்டத் தட்டைச் சாக்கின் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு போடு போட்டால், எண்ணெயும் தூசியும் வறுவலுமாக ஒரு வாசனை கிளம்பி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு குளித்தாலும் இறங்காது. வில்லியனூர் கடைத்தெருவில் மாட்டுத்தீவனம் விற்றுக்கொண்டிருந்த எங்கள் அப்பாவோடு அந்த வாசனை தினமும் ஒதியம்பட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, என் சட்டைக்குள் புகுந்து, மறுநாள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கும் வரும். வகுப்பில் என் பெயர் "புண்ணாக்கு". மதிப்பெண் அட்டை வந்த நாட்களில் அந்தப் பெயருக்கு வாத்தியார் வேறொரு காரணமும் சொன்னார் என்பதை நானே முன்வந்து ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பை நான் எப்படியோ தாண்டிக் குதித்த அந்தக் கோடையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயல்களில் ஒரு புல்டோசர் இறங்கியது. இரண்டே நாளில் வரப்புகளைக் காணோம். வரப்பு என்பது வானம் மாதிரி, யாரும் வைத்ததுமில்லை, யாராலும் எடுக்கவும் முடியாது என்று நம்பிக்கொண்டிருந்த நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிளந்த வாய்க்குள் ஒரு ஈ போய்வந்தது. மூன்றாம் நாள் செம்மண் கொட்டிப் பாதை போட்டு, கலர்க் கொடி கட்டி, முழங்கால் உயரக் கருங்கற்களை வரிசையாக நட்டு, தலையில் வெள்ளையடித்துச் சிவப்பில் நம்பர் எழுதினார்கள். டவுனிலிருந்து வந்த முதலாளி, எப்போதும் சஃபாரி உடையில் இருப்பவர், தன் மகளின் பெயரை வைத்து அதை ஒரு "நகர்" என்று அறிவித்தார். ஒரு வீடுகூட இல்லாத அந்த நகருக்கு மெயின் ரோடு இருந்தது, முதல் குறுக்குத்தெரு இருந்தது, இரண்டாம் குறுக்குத்தெருவும் இருந்தது.

அதைப் பார்த்த அன்று அப்பா சாப்பிடவில்லை. வரப்பு போனால் புல் போகும், புல் போனால் மாடு போகும், மாடு போனால் தீவனக் கடைச் செட்டியாரும் போவார் என்று தன்னையும் சேர்த்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அவருடைய மூக்கும் அந்தப் பதற்றமும் எனக்குச் சேதாரமில்லாமல் அப்படியே வந்திருக்கின்றன. ஆனால் அவர் என்னைப் போல் பதறிவிட்டுப் படுத்துக்கொள்கிற ஆள் இல்லை. எப்படியும் அடித்துப் போகிற வெள்ளம், நாமே படகில் ஏறிவிடலாம் என்று முடிவு செய்து, சஃபாரிக்காரருக்கு உள்ளூர் ஆளாகச் சேர்ந்துவிட்டார். காலையில் கடையில் உட்கார்ந்து மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனம் விற்றார். மாலையில் அதே ஆட்களின் வீடுகளுக்குப் போய், நிலத்தைக் கொடுத்துவிடுங்கள், இனிமேல் விவசாயம் சரிப்படாது என்று எடுத்துச் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில், ஒரே அக்கறையோடு செய்தார் என்பதுதான் என்னை இன்றும் திகைக்க வைக்கிறது.

நகருக்கு ஒட்டினாற்போல ஒரு காணி நிலம் மட்டும் விற்காமல் கிடந்தது. ஊரே "தனக்கா" என்று கூப்பிடும் தனத்தின் நிலம் அது. புருஷன் இல்லை, ஒரு மகள், நான்கு கறவை மாடுகள், எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்கும் ஒரு வாய். எங்கள் கடையின் பெரிய வாடிக்கை தனக்காதான். ஒருநாள் பருத்திக்கொட்டை வாங்க வந்தபோது கடைத்தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டாள்:

"காத்தால என் மாட்டுக்குத் தீனி குடுக்கற, சாயங்காலம் ஆனா அது மேயற எடத்த விக்கற. நீ இன்னா மனுசன்யா செட்டியாரே?"

அப்பா பருத்திக்கொட்டையை நிறுத்துக் கொடுத்தார். தனக்கா நிலத்தை உயிராக நினைக்கிறாள், அவளிடம் பேசிப் பயனில்லை என்று அன்றோடு ஊர் முடிவு கட்டிவிட்டது.

எனக்கும் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் மகன் பஷீருக்கும் இந்த விவகாரத்தில் ஒரு தனி லாபம் இருந்தது. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த தனக்காவின் நிலம் சமமானது. கிரிக்கெட்டுக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. ஸ்டம்பு மட்டும் இல்லை. நகரின் கடைசி வரிசையில் பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று மூன்று கற்கள், ஆடுவோரை எதிர்பார்த்து நிற்பவை போல, நின்றுகொண்டிருந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்றையும் பிடுங்கிக் கொண்டுவந்து நெருக்கமாக நட்டோம். வெள்ளைத் தலையும் சிவப்பு நம்பருமாக அப்படியொரு ஸ்டம்பு டவுனில்கூட இருந்திருக்காது.

இரண்டு வாரம் ஆடினோம். ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் மனை பார்க்க டவுனிலிருந்து வேன் வருகிறது என்று அப்பா வீட்டில் சொன்னார். ஓடிப்போய்ப் பஷீரை இழுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனால், கற்கள் இருந்த குழிகளை ஆடுகள் மிதித்துத் தூர்த்திருந்தன.

"டேய், இன்னாத்துக்குடா நடுங்கற? கால்ல அளந்துடலாம்" என்றான் பஷீர். "கல்லுக்குக் கல்லு முப்பது அடி. எனக்குத் தெரியும்."

அவன் அளந்தான், நான் நட்டேன். மூன்றும் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நின்றன. வரிசை மட்டும் தனக்காவின் நிலத்துக்குள் நின்றது. வரப்பில்லாத ஊரில் யாருடைய மண் எங்கே முடிகிறது என்று எட்டாம் வகுப்புக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் கையுமாக இறங்கிய கூட்டத்தில், அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் பதினைந்தாம் நம்பர் மனையைப் பேசி முடித்திருந்தார்கள். கையோடு ஒரு செங்கல், எலுமிச்சம்பழம், வாழைப்பழச் சீப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கல்லைப் பார்த்து நின்று, செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார்கள். அப்பாவே தேங்காய் உடைத்தார். அந்த அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இங்கே வாசல், இங்கே சமையல்கட்டு என்று காற்றில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டுக்குள் ஒரு மாடு நுழைந்து வாழைப்பழத்தை மேய ஆரம்பித்தது. மாட்டுக்குப் பின்னால் தனக்கா வந்தாள்.

"யாரு வூட்டு நெலத்துல யாரு செங்கல்லு வெக்கறது?"

"இது எங்க மனைம்மா. பதினஞ்சாம் நம்பரு. கல்லப் பாருங்க" என்றார் ஆபீஸ்காரர்.

"கல்லுக்கு இன்னாய்யா தெரியும்? இருவது வருசமா நாத்து நட்டவ நானு!"

சஃபாரிக்காரர் வரைபடத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். பிறகு சட்டென்று மடித்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "செட்டியார், இது இந்தம்மா வேலைதான். கல்ல மாத்தி நட்டுட்டு, இப்ப வந்து ஞாயம் பேசுது. எல்லாம் ரேட்ட ஏத்தத்தான். வண்டிய எடுங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடலாம்."

திருட்டுப் பட்டம் தனக்காவுக்குப் புதிது. அப்பாவைப் பார்த்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அந்த இடத்தில் இருந்தவர்களில் அப்பாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பா தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் அதற்குள் ஊரைவிட்டே ஓடுவதற்குத் திட்டம் போட்டு முடித்திருந்தேன். தவளக்குப்பத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விடுவது; பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போன மறுநிமிடமே அத்தை அப்பாவுக்கு ஆளனுப்பிவிடுவாள் என்பதெல்லாம் திட்டத்தில் வரவில்லை. ஆனால் "ஸ்டேஷன்" என்ற சொல் காதில் விழுந்ததும் கால் ஓட மறுத்தது, வாய் மட்டும் ஓடியது.

"நான்தான்! நான்தான் புடுங்கினேன்! ஸ்டம்புக்கு! பஷீரும் வந்தான்! பஷீர் அகமது! சைக்கிள் கடை ரஹ்மான் பாய் பையன்! பச்ச கேட்டு போட்ட வூடு!"

யாரும் பஷீரைப் பற்றிக் கேட்கவில்லை. பச்சை கேட்டைப் பற்றி நிச்சயமாகக் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும்போதெல்லாம் அவன் தன் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சேர்த்தே அனுப்புகிறான்.

அப்பாவின் கை ஓங்கியது. தனக்கா குறுக்கே வந்தாள்.

"வுடு செட்டியாரே. டேய், இங்க வா. எத்தினி ரன்னுடா அடிச்ச?"

"பதினேழு."

"ஒரு காணி நெலத்த வுட்டும் பதினேழுதானா?"

யாரோ சிரித்தார்கள். தனக்கா சிரிக்கவில்லை. செங்கல் அருகே குற்றவாளி மாதிரி நின்றிருந்த அந்த அம்மாளிடம் திரும்பினாள்.

"நீ இன்னாம்மா கட்டலாம்னு பாத்த இங்க?"

"சமையல்கட்டுங்க."

"இங்கயா? ஐப்பசி மாசம் இந்த மூல பூரா முழங்கால் தண்ணி நிக்கும். தவள வந்து ஒன்ன சோறு கேக்கும். அப்பிடி மேட்டுப் பக்கமா தள்ளி வெய்யி."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா மெதுவாக, "தனம், இது உன் நெலமாச்சே" என்றார்.

"என் நெலம்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல எல்லாரயும் கேட்ட. என் கொழுந்தனக் கேட்ட, அவன் மச்சானக் கேட்ட. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ குடுக்க மாட்டன்னு..."

"அத்த நான்தான சொல்லணும்?"

"மாட்ட வெச்சிக்கினு, உசுரா இருக்கியேன்னு..."

"உசுரா? நாலு மணிக்கு எழுந்து நாலு மாடு கறந்துட்டு வந்து சொல்லுயா, உசுரு எங்க இருக்குதுன்னு. இடுப்பு வுட்டுப் போச்சி. பொண்ணு நர்சு படிக்கணும்ன்றா. ரேட்டு சொல்லு. மூல மன ஒண்ணு எனக்கு வேணும், கெழக்கு பாத்தாப்ல. அதுக்கு ஒத்துக்கினா மேல பேசு."

சஃபாரிக்காரர் அந்த நிமிடத்திலிருந்து அவளை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். சற்று முன் அவள்மேல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொன்ன அதே வாய்.

அன்று எனக்கு அடி விழவில்லை; அதுவே என்னை அதிகம் பயமுறுத்தியது. மறுநாள் கடைக்குப் போனபோது அப்பா தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே பெரிய பேரம் முடிந்திருக்கிறது, அவர் முகமோ சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் முகமாக இருந்தது.

"அவ விக்க மாட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா" என்றார் என்னிடம், என்னவோ நான் அவருடைய கூட்டாளி என்பது போல. "யார் வித்தாலும் அவ விக்க மாட்டா, அவ நாலு மாட்ட வெச்சிருந்தா அதப் பாத்து இன்னும் நாலு பேரு வெச்சிருப்பான், கட எப்பிடியாவது ஓடிடும்னு. அவளயும் இல்லாம பண்ணிட்டேன்."

ஊரையே மாறச் சொல்லி வீடு வீடாக அலைந்த மனிதர், ஒருத்தி மட்டும் மாறாமல் இருப்பாள் என்ற தைரியத்தில்தான் அலைந்திருக்கிறார். அந்த ஒருத்திக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அவளை யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் நான்கு மாடுகளும் லாரி ஏறிவிட்டன. தனக்காவே விற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மற்றவர்களும் தயங்கவில்லை. கடையில் புண்ணாக்கு அடுக்கு இறங்க இறங்க, சிமெண்ட் மூட்டை ஏறியது. முதல் மூட்டைகளை வாங்கியது அந்தப் பதினைந்தாம் மனைக்காரர்கள். சமையல்கட்டை மேட்டுப் பக்கம்தான் கட்டினார்கள்.

அப்பா இப்போது இல்லை. வயல் இருந்த இடத்தில் புல் என்பது மாடித் தொட்டியில்தான் முளைக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மாடு என்பது மெயின் ரோட்டில் குறுக்கே நின்று பஸ்ஸைத் தாமதப்படுத்தும் ஒரு சமாசாரம். தனக்கா மட்டும் தன் கிழக்குப் பார்த்த மூலை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்குகிறாள். பால் எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "நல்லாதான்டா இருக்குது. நான் ஊத்தனதுல பாதி தண்ணிகூட இல்ல" என்றாள்.

கடையை இப்போது நான் நடத்துகிறேன்: சிமெண்ட், பைப், குழாய், பெயிண்ட். போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே எல்லாம் வந்து இறங்குகிற காலம் இது. என்ஜினீயர் பையன்கள் என் கடையில் நின்றுகொண்டே என் விலையை வேறெங்கோ உள்ள விலையோடு ஒப்பிட்டுவிட்டு, ஒரு புன்னகையை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு புது அதிர்ச்சிக்கும் நான் வீட்டுக்குப் போய், "கடைய மூடப் போறேன்" என்று அறிவிப்பேன். என் மனைவி, "எட்டு மணிக்கா, ஒம்போது மணிக்கா? இட்லி ஊத்தணும்" என்பாள்.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அதன் பெயர் ஏழுமலை மேஸ்திரி. யார் மாறினாலும் அவர் மாற மாட்டார். தினமும் காலையில் வருவார், டீ குடிப்பார், சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுப்பார், சாமான் வாங்கிக்கொண்டு போவார்.

போன வாரம் வந்தார், டீ குடித்தார், சட்டைப் பையிலிருந்து புது போனை எடுத்தார்.

"தம்பி, இதுல பைப்பு சாமான்லாம் வருதாமே. பேரப்புள்ள ஏத்திக் குடுத்தான். எப்பிடி ஆர்டர் போடறதுன்னு கொஞ்சம் சொல்லிக்குடேன். உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா?"

சொல்லிக்கொடுத்தேன். பைப்பைத் திருப்பிவிடும் ஒரு இஞ்ச் எல்போவைத் தொடப்போன விரலைத் தடுத்து, முக்கால் இஞ்சை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். என் அலமாரியில் அதே எல்போ எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சாமானை எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று போன் கேட்டது. மேஸ்திரி தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"வேல நடக்கற எடம் புது தெரு, வர்ற பையனுக்குத் தெரியாது. உன் கட எல்லாருக்கும் தெரியும். இந்த அட்ரசயே போட்டுடு" என்றார்.

போட்டேன்.