டெங்கிலில் ஒரு வீடு பாக்கி

பிள்ளை பிடிக்கிறவன் நீல வேனில் சுற்றுகிறான், பாலம் கட்டப் பலிக்குத் தலை வேண்டுமாம் என்று 1983-இல் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே பேசியது. அந்த நீல வேன் என்னுடையது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தவன் நான். பதினாறு பிள்ளைகளில் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். எவனோ கண்ணாடியையும் உடைத்தான். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது வந்து, தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொன்னதில்லை, குணேஸ்வரி டீச்சரைத் தவிர.

டீச்சர் ரயில்வே குவார்ட்டர்ஸில் டியூஷன் நடத்தினார். என் வேனை விட்டு ஓடிய பிள்ளைகள் முக்கால்வாசி அங்கேதான் படித்தார்கள். சண்டை போடத்தான் போனேன்.

"என்னா டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க இதுங்களுக்கு? நான் பிள்ள புடிக்கிறவனா?"

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இவரு பிள்ளயத் தூக்குனத யாரு பார்த்தா? கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப யாரு சொன்னா?"

"தங்கமணி சொன்னா, டீச்சர்."

"எனக்கு எங்கம்மா. அம்மாவுக்கு பாசார்ல மீன்காரரு சொன்னாரு லா."

"மீன்காரருக்கு யாரு சொன்னா?"

"தெரியல."

"போய்க் கேட்டுட்டு வா."

அந்த வாரம் அதுதான் வீட்டுப்பாடம். சொன்னவரிடம் போய், அவருக்கு யார் சொன்னது என்று கேட்டுப் பெயரோடு வர வேண்டும். கரும்பலகையில் பெயர், கோடு, பெயர் என்று நீண்டுகொண்டே போனது. எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத வேனை வாசலில் நிறுத்திவிட்டுத் தினமும் எட்டிப் பார்ப்பேன். பின்னால் போகப் போகக் கதை இளைத்தது. முதலில் பாலம் போனது. அப்புறம் தலை போனது. வெள்ளிக்கிழமை மிஞ்சியது இவ்வளவுதான்: பள்ளிச் சந்தில் ஒரு நீல வேன் ரெண்டு நாளாகச் சும்மா நிற்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் கொதித்து நான் நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான்.

மூன்று அம்மாமார்களின் கோடும் ஒரே இடத்துக்குப் போனது. பெயர் எழுத வந்த பிள்ளை சீதாலெட்சுமி சாக்பீஸை வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள்.

"ஏன் நிக்கிற? எழுது, என் பேருதான்" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "மூணு வீட்டுல சொன்னேன் அய்யாவு. மூணு வீட்டுக்கும் போய் இல்லன்னு சொல்லணும். வண்டி ஓடுமா?"

"ஓடும். பிள்ள புடிக்கிற வண்டி, பரவால்லயா?"

பிள்ளைகள்தான் சிரித்துக்கொண்டு முதலில் ஏறினார்கள்.

இராஜம்மா வீட்டு வாசலில் டீச்சர் சொன்னார்: "வண்டி நின்னதப் பார்த்தேன். யாரு, எதுக்குன்னு கேக்கல. கேக்காமயே உங்ககிட்ட சொல்லிட்டேன்." நேசம்மா வீட்டிலும் அதே பேச்சு. மார்க்கிரட் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. முந்தின நாள்தான் டெங்கில் பக்கம் ஏதோ ரப்பர் தோட்டத்துக்குக் குடிமாறிவிட்டார்களாம்.

அடுத்த மாதமே பன்னிரண்டு பிள்ளைகள் என் வேனுக்குத் திரும்பினார்கள். டீச்சர் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தை நடத்தினார். இருபத்தோரு பேருக்கு எழுதாவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று வரும் கடிதத்தைக்கூடப் பிள்ளைகள் விடவில்லை. அனுப்பியவன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது டீச்சர் பாதியாகியிருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு விலாசத்தை எடுத்துக் கொடுத்தார்.

"மார்க்கிரட் வீடு கெடச்சிருச்சு அய்யாவு. எனக்கு இனி முடியாது. நீ போ. நீல வேன்காரன் நான்தான், குணேஸ்வரி கேக்காமச் சொல்லிட்டான்னு சொல்லு. அவ யார் யார்கிட்ட சொன்னான்னு கேட்டு, அந்த வீட்டுக்கெல்லாமும் போய்ட்டு வா."